தள்ளுபடி வண்ணம்

மார்ச் இரண்டாவது சனி.
மூன்று நாளாக மழை இல்லை என்பது
வேல்ஸின் இந்தக் கரையில்
ஒரு வதந்தி மாதிரி.
பொய்யாகிவிடும் முன் ஏணியை எடுத்தாக வேண்டும்.

இத்வால் முதலில் கொட்டகைக் கதவைத் திறந்தார்.
திறந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.
நவம்பரில் ஊறிப் பருத்த கதவு.
தோளால் இரண்டு இடி, காலால் ஒன்று,
அப்புறம் என்னை ஒரு பார்வை,
நான்தான் உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்ததுபோல.

எலிகள் குளிர்காலத்தை வசதியாகக் கழித்திருந்தன.
எட்டு டாலியாக் கிழங்கில் ஐந்து காலி.
பட்டாணி விதைக்கு உறை மட்டும் மிச்சம்.
வரித் துறைக் கடிதங்களைப் பொடிப்பொடியாகக் கிழித்து
புல்வெட்டியின் பைக்குள் மெத்தை போட்டிருந்தன.
நாங்கள் பதில் எழுதாத கடிதங்கள்.
ஆளுக்கு ஒரு வழி.

கூரை மூலையில் ஒரு பட்டாம்பூச்சி
இறக்கைகளை மூடி, சருகுபோல
அக்டோபரிலிருந்து தொங்குகிறது.
"அதை விட்டுட்டு மீதியைப் பெருக்கு, மெரெரிட்."
பெருக்கினேன்.
ஒன்றை எழுப்பாமல் மற்ற எல்லாவற்றையும் பெருக்க
எவ்வளவு நேரம் ஆகும் என்று
சொன்னவருக்குத் தெரிய நியாயமில்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு நான்.
கதவுகளுக்குப் பெயின்ட் அவர்.
கல்யாணமான வருஷமே செய்துகொண்ட பாகப்பிரிவினை.

சுண்ணாம்பு அடிக்கும்போது ஒன்றும் தெரியாது.
நீர்மோர்போல வழியும்.
பழைய கறையும் பாசியும் அடியிலிருந்து பல்லிளிக்கும்.
புதிதாக அடிப்பவர்கள் இங்கேதான் பயந்துபோய்
இன்னொரு கை, இன்னொரு கை என்று அப்பி
மே மாதம் செதில்செதிலாகக் கூட்டி அள்ளுவார்கள்.
மெல்லிசாக இழுத்துவிட்டு,
உறைபனிக்குப் பயந்தால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு,
திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும்.
காயக் காயத்தான் வெளுக்கும்.

பெயின்ட் கார்டிகன் கடையில் வாங்கியது.
யாரோ கேட்டு, கலந்து வாங்கி,
வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த நிறங்கள்
ஒரு தட்டில் பாதி விலைக்கு நிற்கும்.
மூடிமேல் ஒட்டிய சீட்டு அழிந்திருந்தது.
"நல்ல சாம்பல் நீலம்," என்று தூக்கி வந்தார்.

இருபது வயதில் ரயில்வேயில் சேரப் போய்
வண்ணப் புள்ளிப் படங்களின் முன்னால் தோற்று வந்தவர்.
அதை அவர் பேச மாட்டார்.
பேசாததை ஊரே தெரிந்துவைத்திருக்கிறது.

பின்சுவரை முடித்து நான் முன்பக்கம் வந்தபோது
வீட்டுக் கதவு முழுக்க,
கொட்டகைக் கதவு பாதி,
கத்தரிப்பூ நிறம்.
கொஞ்சமும் வெட்கமில்லாத கத்தரிப்பூ.

பிரஷ்ஷோடு இரண்டடி பின்வாங்கி
தலையைச் சாய்த்து,
"எப்படி?"

முப்பத்தோரு வருஷத்தில்
இவ்வளவு சின்னக் கேள்விக்கு
நான் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத் தபால் வேன்.
நெரிஸ் கண்ணாடியை இறக்கினாள், வாயைத் திறந்தாள்,
என் முகத்தைப் பார்த்தாள்.
"திருப்பத்திலிருந்தே தெரியுது, இத்வால்!"
பொய்யில்லை.

சாயங்காலம் வெளிக்குழாயில் பிரஷ் கழுவினார்.
தண்ணீர் பனித்துளிப் பூக்களின் ஊடே
வாய்க்கால் கட்டி ஓடியது.
வெள்ளைப் பூக்களுக்கு நடுவே ஓடுவதை
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"நீலமில்லை, இல்லையா?"

"காயட்டும்," என்றேன்.

மறுநாள் காலை வீடு கண் கூசும் வெள்ளை.
எனக்கு முன்னால் எழுந்துபோய்
கொட்டகைக் கதவின் மீதிப் பாதியில் நின்றுகொண்டிருந்தார்,
டப்பாவின் அடியைக் குச்சியால் வழித்துக்கொண்டு.
அதே நிறம். பிடிவாதமாக, சீராக.
கதவை விரியத் திறந்து கல் முட்டுக்கொடுத்திருந்தார்.
வெயில் உள்ளே மண்வெட்டி வரை வந்துவிட்டது.

மூலையில் இருப்பது இன்னும் இருக்கிறதா என்று
போய்ப் பார்க்க வேண்டும்.
முதலில் தேநீர்.