ஆறு வில்லைகள்

செவ்வாய்க் காலை தட்டைத் திறந்தேன்.
ஆறு மருந்துகள், ஆறு காகித வில்லைகள்,
நெற்றிப்பொட்டு அளவில்.

மருந்து வேலை செய்தால்
வில்லையைச் சுற்றி அகழி விழும்.
ஐந்தில் விழவில்லை.
விளிம்பை உரசிக்கொண்டு
அறுகம்புல்லாய் அடர்ந்திருந்தது
சால்மோனெல்லா டைஃபி:
வால்கள் முளைத்த சிறு கோல்.
யார்மேலும் பகை கிடையாது அதற்கு.

மருந்துக்கெல்லாம் தண்ணி காட்டும் கிருமி
வந்ததும் தண்ணீரில்தான்.

ஆறாவதைச் சுற்றி மட்டும் வட்டம்.
அளவுகோல் வைத்தேன், பதினெட்டு மில்லிமீட்டர்.
நம்பாமல் மறுபடி வைத்தேன்.

சீட்டில்: பரியல், வயது நான்கு,
காய்ச்சல் பதினோராம் நாள்.
முகவரிக்கு விட்ட இடம் போதாமல்
ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தது:
சிந்து ஹைதராபாத், ஃபுலேலிக் கால்வாய்க்குப் பின்னால்,
இரண்டாவது மரக்கடை.

அந்தத் தெருவிலிருந்து இந்த மாதம் ஒன்பதாவது சீட்டு.
சுவர் வரைபடத்தில் ஊசி குத்தினேன்.
ஒன்பதும் நூல் பிடித்தாற்போல்
சாக்கடையை ஒட்டி ஓடும் ஒரே குழாயின்மேல்.
தண்ணீர் இலாகாவுக்குப் போன் செய்தேன்.
அங்கே குழாயே இல்லையே, என்றார் ஒருவர்,
மென்றுகொண்டே.

ஜுமன் வெளியே நின்றார், பையனின் அப்பா.
சிங்ச்சி ரிக்‌ஷா ஓட்டுகிறவர்.
ஐந்து நாள் ஊசிக்கு
மாற்றுச் சக்கரத்தை ஏற்கெனவே விற்றாயிற்று;
அந்த ஊசிக்கும் என் தட்டில் ஒரு வில்லை இருந்தது.
அதை நான் சொல்லவில்லை.

"ஒரு மருந்து கேட்கும். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள்."
"கேஸ் ஒன்றரை மணி நேரம் வரும், டாக்டர் சாஹிபா.
ரொட்டியா, தண்ணீரா?"
நான் டாக்டர் இல்லை.
அதையும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் பரியலுக்குக் காய்ச்சல் விட்டது.
எழுந்ததும் கேட்டது ஐஸ் கோலா,
சிவப்பு நிறத்தில்.
சிலருக்குக் காய்ச்சல் விடும், கிருமி விடாது:
பித்தப்பையில் வாடகை இல்லாமல் வருஷக்கணக்கில்.
அவனுக்கு எப்படியோ. யாரும் திரும்பி வந்து
பரிசோதித்துக்கொள்வதில்லை.

அடுத்த மாதம் பள்ளியில் தடுப்பூசி போட்டார்கள்.
வரிசையில் முதலில் அலறியவன்
இவனாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.
குழாய்க்கு யாரும் ஊசி போடவில்லை.

மாலையில் தட்டுகளை ஆட்டோகிளேவில் அடுக்கி
மூடியைத் திருகுகிறேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்.
அந்தத் தெருவின் தண்ணீரில் வந்தது
இங்கே வந்துதான் ஒழுங்காக வேகிறது.

கை கழுவக் குழாயைத் திறக்கிறேன்.
முதலில் காற்று,
பிறகு கொஞ்சம் மஞ்சளாக.
பத்தாவது ஊசியை எங்கே குத்துவது
என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.