சணல் துணியில் டைட்டானியம் வெள்ளை

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் ரோட்டில்
டைல்ஸ் கடைக்கு மேல் மாடி.
கொரியாவிலிருந்து ஏழு பெட்டிகள் வந்தபோது
ஆணி பிடுங்கியது நான்தான்.
உள்ளே ஏழு வெள்ளை.

ரெஜின் சார் சொன்னார்:
ஒன்று நாலரை லட்சம்.
கேட்டால் மட்டும் சொல்.

வந்தவர்கள் திராட்சை ஜூஸ் குடித்தார்கள்.
குலசேகரத்து ரப்பர் வியாபாரி
மூன்றாவதன் முன் நெடுநேரம் நின்று
"இன்னும் வரைஞ்சு முடிக்கலியோ?" என்றார்.
மார்த்தாண்டத்துப் பல் டாக்டரம்மா
வரவேற்பறைச் சுவரைப் போனில் வைத்து
ஒத்துப் பார்த்து நான்காவதை வாங்கினார்.
விற்றதற்குச் சிவப்புப் புள்ளி ஒட்டுவது என் வேலை.
ஸ்டிக்கர் தீர்ந்த அன்று
பையிலிருந்த என் பொட்டை ஒட்டினேன்.
யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஊ சே-ரிம் வரவில்லை.
அவள் அனுப்பிய வீடியோவில்
முரட்டுச் சணலை நிமிர்த்தி வைத்து
அதன் முதுகுப் பக்கம் நின்று
கரண்டியால் சாயத்தை அழுத்துகிறாள்.
இழைக்கும் இழைக்கும் நடுவே
இடியாப்ப உரலில் மாவு இறங்குவதுபோல்
அந்தப் பக்கம் பிதுங்குகிறது வெள்ளை.
முன்பக்கத்தை அவள் தொடவே இல்லை.

கடைசி நாள் இரவு, மழை.
ஷிப்ட் முடிந்த கையோடு
என்னைக் கூட்டிப்போக அப்பா வந்தார்.
மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில்
இருபத்தாறு வருஷமாய் மூட்டை வாய் தைப்பவர்.
படங்களைப் பார்க்கவில்லை.
இறக்கிச் சாய்த்திருந்த ஆறாவதன்
பின்னால் எட்டிப் பார்த்து
"மக்ளே, இது சாக்குல்லா" என்றார்.
விரல் வைத்து இழை எண்ணினார்.
தொடக் கூடாது என்று ஒரு மாதமாய்
எல்லோரிடமும் சொன்ன வாய்
அப்போது திறக்கவில்லை.

இன்சூரன்ஸ் தாளை வாசித்துக் காட்டினேன்:
சணல் துணியில் டைட்டானியம் வெள்ளை.

"டைட்டானியமா?
அது நம்ம கறுப்பு மண்ணுல்லா."

சின்னவிளைக் கரையில்
அலை போன பிறகு மையாய்த் திரளும் மண்.
செருப்பில், சோற்றில்,
பூசைக்குத் தேய்த்து வைத்த சட்டை மடிப்பில்.
மூட்டையில் இல்மனைட் என்று அச்சடித்திருக்கும்.
தூத்துக்குடி வரை லாரி.
அதற்கு அப்பால் எங்கே என்று
எங்கள் வீட்டில் கேட்டதில்லை,
சம்பளம் ஏழாம் தேதி வந்துவிடுவதால்.

அதுதான் இது என்று சொல்ல
என்னிடம் ரசீது கிடையாது.
எந்தக் கப்பல், எந்த ஆலை, யார் சட்டி?
கறுப்பாய்க் கிடந்தவரை ஊர் இருந்தது,
வெளுத்த பிறகு
டப்பாவில் நம்பர்தான்.

அப்பா விலை கேட்டார்.
கேட்டதால் சொன்னேன்.
சிரிக்கவில்லை அவர்.
"தையல் எங்க?" என்று
ஓரமெல்லாம் குனிந்து தேடினார்.

விற்காத இரண்டைத் திங்கள்கிழமை அடைத்தேன்.
ஆறாவதன் முதுகில்
கட்டைவிரல் அகலத்துக்கு
கறுப்பாய் ஒரு ரேகை.
துடைக்கத் துணி எடுத்தேன்.
கீழே ரெஜின் சார்
டைல்ஸ் கடைக்காரரிடம்
வாடகைக்கு இரண்டு மாதம் தவணை கேட்டுக்கொண்டிருந்தார்.

துணியை மடித்து வைத்துவிட்டு
பெட்டிக்கு ஆணி அடித்தேன்.