பலகையில் இருக்கிறவள்

பார்வைக்குப் படும் இடத்தில் மாட்ட வேண்டுமாம்,
ராமநாதபுரத்திலிருந்து வந்த உத்தரவு.
மாட்டினார்கள்.
ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போகும் வழியில்,
ஆளுயரத்துக்கும் மேலே, எறும்பு எழுத்தில்.
எங்கள் இல்லத்தில் முப்பத்தொரு பேர்.
நடக்கிறவர்கள் ஒன்பது.
அண்ணாந்து பார்க்கக் கழுத்து வளைகிறவர்கள்
அதிலும் நாலைந்துதான்.

எனக்கு ராத்திரி டியூட்டி.
கரண்டு போன ஒரு நாள் டீசல் பார்க்கப் போய்
செல்போன் வெளிச்சத்தில் படித்தேன்.
மீன் என்று ஒரு வரி.
வைகாசி மாதம், சீலா, நாற்பத்திரண்டு கிலோ.

வைகாசியில் சீலாவா?
விசைப்படகெல்லாம் கட்டிக்கிடந்த மாதம்.
இபுராம்சாவிடம் சொன்னேன்,
மண்டபம் டிப்போவில் இருபது வருசம் எடை போட்டவர்,
பக்கவாதத்துக்குப் பிறகு
இடது பக்கத்தால் மட்டும் சிரிக்கிறவர்.
"நாட்டுப்படகு சீலா இருக்கும் புள்ள,
அநியாயமாச் சொல்லாதே" என்றார்.
கொஞ்சம் யோசித்தார்.
"ஆனா நாம தின்னது சாளைதானே.
அதுவும் தலைதானே."

கட்டட வாடகை ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
பெறுபவர் கமலவேணி எஸ்டேட்ஸ்.
கமலவேணி அம்மாவை எனக்குத் தெரியும்,
முதலாளி சம்சாரம்,
போன பொங்கலுக்கு எனக்குச் சேலை தந்த கை.
ஆலோசனைக் கட்டணம் அவர் மச்சினனுக்கு.
சலவை, மச்சினன் மகனுக்கு.
வலது கை கொடுக்க இடது கை வாங்கி
இரண்டும் சேர்ந்து ரசீது போட்டிருக்கின்றன.
அடியில் சிவப்பு மையில்
நிகர நஷ்டம்.

நஷ்டம் என்பதால்தான்
ஏழாம் கட்டில் செல்லக்கனிக்கு
டயப்பர் ஒரு நாளைக்கு ஒன்று.
அவள் நனைந்து கிடக்கும் மூன்று மணிக்குப்
பலகையில் தலைப்பு கிடையாது.

நஷ்டத்துக்கு முந்தின வரிகள் ஊதியம்.
சூ. வியாகுலமேரி, இரவுப் பணி, பதினாலாயிரம்.

யாரவள்?
என் பேரை வைத்துக்கொண்டு
என்னைவிட ஐயாயிரத்து ஐந்நூறு கூட வாங்குகிறவள்.
பாம்பனில் அடகு வைத்த கம்மலை
எப்போதோ மீட்டிருப்பாள்.
அவள் மகன் பாலிடெக்னிக் ரெண்டாம் வருசம் கட்டியிருப்பான்.
கச்சான் கூரையைப் பிடுங்கிய மறுநாளே
ஆள் வைத்து மேய்ந்திருப்பாள்,
தார்ப்பாயைக் கல்லால் அழுத்திப் பிடித்து
விடியும்வரை உட்கார்ந்திருக்க மாட்டாள்.
பொறாமையாகக்கூட இருந்தது.
நாலு வருசமாக அவளுக்காகக்
கையெழுத்துப் போட்டு வந்தவள் நான்தான்,
ரெவின்யூ ஸ்டாம்ப் மேல்,
தொகை எழுதாத தாளில்.

எவரிடமும் சண்டை போடவில்லை.
சாமான் அறையில் சுத்தியல் இருந்தது.
பலகையைக் கழற்றிச்
சக்கர நாற்காலி உயரத்தில் ஆணி அடித்தேன்.
சத்தத்துக்கு ரெண்டு பேர் விழித்துத்
தண்ணி கேட்டார்கள், கொடுத்தேன்.

காலையில் இபுராம்சா முதலில் வந்தார்.
பின்னால் நாற்காலிகள், ஒரு வாக்கர்.
செல்லக்கனிக்கு எழுத்து தெரியாது.
"என் தோப்பு எந்த வரியில இருக்கு?"
உச்சிப்புளியில் அறுபது தென்னை,
சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்தது.
வரவுப் பக்கத்தில் இபுராம்சா விரல் வைத்து
மேலிருந்து கீழே வந்தார்,
கீழிருந்து மேலே போனார்.
மூன்றாம் தரம் போகவில்லை.

ஐந்தாம் தேதி சம்பளம்.
மேனேஜர் லூர்து தாளை நீட்டி
விரலால் இடம் காட்டினான்.
பேனாவை வாங்கி முதலில் தொகையை எழுதினேன்.
எண்ணால் 8,500.
எழுத்தால் எட்டாயிரத்து ஐந்நூறு மட்டும்.
சீட்டுக் கட்டின காலத்துப் பழக்கம்,
எட்டுக்கு முன்னால்
ஒரு ஒன்று நுழைய இடம் விடவில்லை.
"என்னக்கா இது?"
"பார்வைக்குப் படுற மாதிரி எழுதணுமாமே தம்பி."

கை நடுங்கியது பொய்யில்லை.
ஐந்து கொஞ்சம் ஆறு மாதிரி விழுந்துவிட்டது.
அதற்குத்தான் எழுத்தாலும்.