பன்னிரண்டரை மில்லிமீட்டர்

சூளூர்ப்பேட்டையில் நாங்கள் வாங்கிய வீட்டில்
ஒரு சுவரும் நேராக இல்லை.
தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாள் பத்மஜா.
மேலே ஒட்டி நின்ற நூல்
தரைக்கு வரும்போது
ஒரு விரல் தள்ளி ஆடியது.
வீடா இது, கடை மூடியபின் திரும்பி வரும் ஆளா
என்றாள். தெலுங்கில் சொன்னாள்,
இன்னும் நன்றாக இருந்தது.

அவள் என் ஓர்ப்படி.
அவள் இரண்டு வளையல் வைத்தாள், நான் ஆரம்.
மீதி வங்கிக் கடன்.
கூடத்தை இரண்டாகத் தடுத்தால்
கம்பெனிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு
அறைக்கு நாலாயிரத்து ஐந்நூறு என்று விடலாம்.
தடுக்காவிட்டால் மொத்தமே ஆறாயிரம்,
அதுவும் யாராவது குடும்பமாக வந்தால்.
மேஸ்திரி சொன்ன கூலிக்குள்
இன்னொரு வளையல் இருந்தது.
ஆகவே நாங்களே.

அண்ணனும் தம்பியும்
ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார்கள்.
நிக்குமா என்று கேட்டார்கள்.
டீ குடிக்கப் போனார்கள்.

நீலப்பொடி நூலைத் தெறித்துத் தரையில் ஒரு கோடு,
அதற்கு நேர்மேலே கூரையில் ஒரு கோடு.
கோட்டின்மேல் தகரச் சட்டம்,
இரண்டடிக்கு ஒன்றாக நிற்கும் கால்கள்.
முதல் நாளே கத்தரி என் கட்டைவிரலைக் கேட்டது,
கொஞ்சம் கொடுத்தேன்.
எலும்பு மட்டும் நின்ற மூன்று நாளும்
அதன் ஊடாகவேதான் நடந்தோம்.
டேப், தண்ணீர், அவளுடைய போன்,
எல்லாம் சுவருக்குள் புகுந்து வந்தன.
கதவுக்கென்று விட்ட வழியில்
ஒருத்தியும் போகவில்லை.

ஜிப்சம் பலகை குட்டியானையில் வந்தது.
இறக்கும்போது ஏரிக்காற்று பிடித்துக்கொள்ள
பாய்மரம்போல் எங்களைத் தெருவுக்கு இழுத்தது.
எதிர்வீட்டுக்காரர் சிரித்தார், பிறகு வந்து பிடித்தார்.

ப்ளேடால் தாளைக் கீறு.
முட்டியில் வைத்து மடக்கு.
அப்பளம்போல் முறியும்.
இத்தனை வருடம் சுவர் என்றால்
என்னவோ என்று நினைத்திருந்தேன்.
திருகின் தலை தாளுக்குள் அமிழவேண்டும்,
தாளைக் கிழிக்கக்கூடாது.
இதற்கு மட்டும் நாற்பது திருகு பாழ்.

என் பக்கம் மூடியாயிற்று.
அவள் பக்கம் மூடுமுன்
உள்ளே கண்ணாடிப் பஞ்சு வைப்பதா வேண்டாமா.
மூவாயிரத்து எண்ணூறு.
வாடகைக்கு விடுகிற இடத்துக்கு எதற்கு என்றேன்.
இருமினால் கேட்கும், அவ்வளவுதானே.

பத்மஜா ஸ்க்ரூ கன்னைக் கீழே வைத்தாள்.

ஆரம்பாக்கத்தில் பதினோரு வருடம்
அவர்கள் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே
ஒரு ப்ளைவுட்.
எத்தனை ராத்திரி அவள் அழுதது கேட்டதென்று
நான் சொன்னதில்லை.
எங்கள் பக்கம் என்ன கேட்டதென்று
அவளும் சொன்னதில்லை.
காலையில் இருவரும் ஒரே குழாயில்
பாத்திரம் கழுவுவோம்.

பஞ்சு வாங்கலாம் என்றாள்.
நான் பர்ஸை எடுத்தேன்.

இரண்டு நாள் முழங்கை வரை அரித்தது.

மூட்டுக்கு நாடா ஒட்டி
பூச்சு ஈரமாக இருந்த சாயங்காலம்
ராக்கெட் போனது.
ஜன்னல் கிடுகிடுத்தது, ஊரே மாடியில்.
கரண்டியும் கையுமாக நாங்களும் ஓடினோம்.
இறங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம்.
புதுச் சுவரில் ஒன்றுமில்லை.
அது பழைய சுவரைத் தொடுகிற மூலையில் மட்டும்
மேலிருந்து கீழ்வரை விரிந்துபோகும் சந்து.
முன்பே இருந்ததுதான்.
நேரான ஒன்றை நிறுத்தும் வரை
கோணல் கண்ணில் படவில்லை.

பட்டி போட்டு அடைத்தோம். மூன்று தடவை.

கடைசியில் சோதனை.
அவள் அந்த அறைக்குப் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டாள்.
சுவரில் காதை வைத்து நின்றேன்.
குளிர்ச்சியாக இருந்தது, சுண்ணாம்பு வாசனை.

வெளியே வந்தவளிடம் கேட்டேன்,
ஏதாவது பேசினியா?

ரொம்ப நேரம், என்றாள்.
ஒண்ணும் கேக்கலியே?

இல்லை.

நல்லது என்று சொல்லிவிட்டு
உப்புத்தாளை எடுத்துக்கொண்டு
தன் பக்கத்தைத் தேய்க்கப் போனாள்.