இருப்புக் கணக்கு

செங்கோட்டைக்கு மேற்கே, மீட்டர்கேஜ் போன பிறகு
யாருக்கும் வேண்டாமல் கிடந்த யார்டில்
எனக்கு இட்ட வேலை எண்ணுவது.

தண்டவாளம் நாற்பத்தோரு துண்டு.
ஃபிஷ் பிளேட் ஒன்பது சாக்கு.
கூரையில்லாத சரக்குப் பெட்டி மூன்று,
ஒன்றுக்குள் அரசமரம்.
அதை எந்தக் கலத்தில் எழுத?

"வெட்டிட்டு எழுதுங்க" என்றார்
ஏலம் எடுத்த மைதீன் பிச்சை.
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
குறுக்கே வந்து நின்றாள் புனலூர் ஜெசிந்தா.
தோட்டம் வரப்போகுது, உத்தரவு உண்டு.
உண்டுதான். பிளாஸ்டிக் உறைக்குள், நனைந்து.

முதல் வருஷம் ரோஜா வைத்தார்கள், செத்தது.
அரளிகூடச் செத்தது.
கரித்தூளும் டீசலும் குடித்த மண்.
அடுத்த கோடையில் பணம் தீர்ந்தது.
அவள் பாட்டுக்கு ஃபிஷ் பிளேட்டை அறுத்துத்
தும்பிகள் செய்துகொண்டிருந்தாள்.
உட்கார ஒரு புல் இல்லை அவற்றுக்கு.

பிறகு ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல்.
அதன் பின்னால் வந்தது எதுவும்
நாங்கள் வைத்ததில்லை.
பெட்டி ஓட்டைகளில் என்றைக்கோ சிந்தியதன் பேரப்பிள்ளைகள்:
ஜல்லி முழுக்க ஆமணக்கு,
எடைமேடையின் இடுக்கில் புளி,
தும்பை, பெயர் தெரியாத ஒரு நீலம்.
மிளகு எப்படி வந்தது என்றால்
கொண்டைச் சின்னான் மேல் பழி போட்டாள்.
எல்லாம் டிக்கெட் எடுக்காத கூட்டம்.
இறக்கிவிட ஆளில்லை.

வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு
முளைத்த இடத்தைச் சுற்றியே இரும்பை வளைத்தாள்.
சிலிப்பர் கட்டையைப் பிளந்து
தவளைக் குட்டைக்கு ஒரு கரை.
பிச்சை திட்டிக்கொண்டே
எட்டுத் தண்டவாளம் திருப்பிக் கொடுத்தார்,
எடை போட்டு, என் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

மதுரையிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்
குடைக்குள் பேரேட்டைப் புரட்டினார்.
அரசமரத்துக்குப் பென்சிலில் ஒரு கோடு இழுத்திருந்தேன்.
அதைக் கேட்கவில்லை.
"கைகாட்டி மரம், ஒன்று. நிலை?"

நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.
அதுவரை பெயரில்தான் அது மரம்.
இப்போது இடுப்புவரை மிளகு,
அதற்கு மேல் ஏதோ காட்டுக்கொடி
நனைந்த பாரத்தில்
கையைக் கீழே இழுத்துவிட்டிருந்தது.
கை இறங்கினால் வண்டி வரலாம் என்று பொருள்.

ஒன்றும் எழுதாமல் பேரேட்டை மூடியவர்
ஆமணக்குக்கு நடுவே பாதை கிடந்த இடத்தில் நின்று
இந்தப் பக்கம் பார்த்தார்,
அந்தப் பக்கம் பார்த்தார்,
அப்புறம்தான் தாண்டினார்.