மனை எண் நாற்பத்தேழு

கிருமாம்பாக்கம் தாண்டி, கடலூர் சாலையிலிருந்து
எழுநூற்றுப் பத்து மீட்டர் உள்ளே.
போன வருடம் மணிலா போட்டிருந்த கொல்லை.
இப்போது செம்மண் பாதை, மஞ்சள் முனைக்கற்கள்,
காற்றில் கிழிந்த கொடித்தோரணம்.

நாற்பத்தேழாம் மனையில்
ஜல்லியோடு ஜல்லியாக நான்கு முட்டை.
கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது.
அதுவரை ஆள்காட்டி என் தலைக்கு மேல்
என்னை ஊருக்கே காட்டிக்கொடுத்தபடி இருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம்: வாழிடம்.
நகரம் என்றால் 1, நாட்டுப்புறம் என்றால் 2.
பாகூர் ஏரிப் பக்கம் தவளைச் சத்தம்.
இந்தப் பக்கம் கல்லூரிப் பேருந்தின் ஹாரன்.
பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அந்துவான் வந்தார், கையில் டேப்.
பதினெட்டு வருடம் லாரி ஓட்டிச் சேர்த்த
முப்பதுக்கு நாற்பது.
என்னிடமும் டேப்தான்.
கூட்டிலிருந்து முனைக்கல்லுக்கு நான் அளக்க
மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.
"எவ்வளவு?"
"நாலு மீட்டர் இருபது."
"அப்ப ஹாலுக்குள்ள வருது."

பொரிக்க எத்தனை நாளாகும் என்றார்.
நேற்று இட்டிருந்தால் இருபத்தெட்டு.
திங்கட்கிழமைக்கு ஜேசிபி சொல்லியிருக்கிறாராம்.
போனை எடுத்தார், பார்த்தார்,
யாரையும் கூப்பிடவில்லை.

போகும்போது பைக்கை ஸ்டார்ட் செய்யாமல்
தார்ச்சாலை வரை தள்ளிக்கொண்டே போனார்.
பறவை அப்படியும் விடவில்லை,
கத்திக்கொண்டே பின்னால் பறந்தது.

வாழிடத்தைக் காலியாக விட்டு
அடுத்த கட்டத்துக்கு வந்தேன்.
இடையூறு: மனிதர்.
எண்ணிக்கை: இரண்டு,
என்னையும் சேர்த்து.