ரேகை விழாத ஐந்து நாள்

செவ்வாய் இரவு மூன்றாவது வளைவில் மலை இறங்கிவிட்டது.
முதலில் கரண்ட் போனது, அப்புறம் டவர்,
அப்புறம் மேட்டுப்பாளையம் போகிற ரோடு.
விடிந்தபோது கடையில் இருந்தவை:
பதினொரு மூட்டை அரிசி, அரை மூட்டைத் துவரை,
ரேகை பிடிக்கிற கருவி ஒன்று.
அதன் வயிற்றில் நாற்பது சதவீதம் சார்ஜ்,
தலையில் சிக்னல் இல்லை.

நான் யோகராணி. கீழ்க்கோத்தகிரிப் பக்கம்
நியாய விலைக் கடை விற்பனையாளர்.
இருப்பு குறைந்தால் என் சம்பளம் குறையும்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பெரிய மனசுக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கொழுந்து பறிக்கிற விரலுக்கு
நல்ல வெயிலிலேயே ரேகை ஏறாது.
கறை ஊறி, தேய்ந்து, வெடித்து,
கண்ணாடியில் வைத்தால் கருவி சொல்லும்:
மீண்டும் முயற்சிக்கவும்.
முந்தானையில் துடைப்பார்கள், தலைமுடியில் தேய்ப்பார்கள்,
மீண்டும் முயற்சிக்கவும்.
எத்தனை பேரை நான் நாளைக்கு வா என்றிருக்கிறேன்.
அன்றைக்கு அந்த நாளையே
மூன்றாவது வளைவில் மண்ணுக்கடியில் கிடந்தது.

எட்டு மணிக்கெல்லாம் குடைகள் வந்துவிட்டன.
லைன் வீட்டுக் கூரைகள் ஒழுகுகின்றன, விறகு நனைந்துவிட்டது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கேட்காமல் நிற்கிறவர்களைப் பார்ப்பதுதான் கஷ்டம்.
கருவியை அணைத்து மேசைக்குள் வைத்தேன்.
என் மகன் கணக்கு நோட்டை எடுத்தேன்.
அவன் வகுத்தல் போட்டிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்
பெயர், கார்டு நம்பர், கிலோ.
பழைய மைப்பெட்டியில் தண்ணீர் தெளித்தேன்.
காகிதத்தில் எல்லோருக்கும் ரேகை விழுந்தது.

நூற்றுப் பன்னிரண்டு கார்டு, ஐந்நூற்றைம்பது கிலோ.
கணக்கு என்னுடையதல்ல, வரிசையே போட்டது:
கார்டுக்கு நாலரை.
முத்துக்கருப்பாயி ரெண்டு போதும் என்றாள்,
"நானும் நாயும்தானே."
ஒருவர் தம்பி பெயரைச் சொல்லி இரண்டாந்தரம் வாங்கினார்.
தம்பி திருப்பூரில் இருப்பது எனக்குத் தெரியும்.
அவர் பெயரை நான் எழுதவில்லை, இங்கேயும் எழுதமாட்டேன்.

மறுநாள் ஹட்டியிலிருந்து போஜன்
பிக்கப் நிறையக் கேரட் கொண்டுவந்து கொட்டினார்.
மண்டிக்குப் போக வேண்டியது, மண்ணோடு.
கும்பிட்டவர்களைப் பார்த்துக் கையை உதறினார்:
"அழுகப் போறதைத்தானே குடுக்கிறேன்,
கும்பிடாதீங்க, கூச்சமா இருக்கு."
நான் கும்பிடவில்லை. டீ கொடுத்தேன்.
சர்க்கரை கடைச் சர்க்கரை. அதையும் எழுதினேன்.

ராத்திரி மெழுகுவத்தியில் நோட்டைப் புரட்டும்போது
அம்மா சொன்ன ஒரு ஆள் ஞாபகம் வந்தார்.
கப்பலில் வந்து இறங்கி மண்டபம் முகாமில் நின்றபோது
அம்மாவின் காகிதங்கள் எல்லாம் கடல் தண்ணீரில் ஊறி
எழுத்து ஓடிவிட்டிருந்ததாம்.
மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர்
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்,
"பேரைச் சொல்லும்மா" என்று எழுதிக்கொண்டாராம்.
அவ்வளவுதான். அவர் பெயரை அம்மா கேட்கவில்லை.
ஊர் தெரியாது, இருக்கிறாரா தெரியாது.
இந்த நன்றியை எந்தக் கவுன்டரில் கட்டுவது என்று
பல வருஷமாகத் தெரியவில்லை எனக்கு.
மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பதை
அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வந்தது, பின்னாலேயே சிக்னலும்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
வாங்கினவர்கள் வந்து விரல் வைத்தால்தான்
என் இருப்பு நேராகும்.
அரிசி உலையேறிப் போன பிறகு யார் வருவார்கள்?

வந்தார்கள். வேலை முடிந்து, கூடையோடு.
மீண்டும் முயற்சிக்கவும், மீண்டும் முயற்சிக்கவும்.
புஷ்பகாந்திக்குப் பதினாலாவது தடவை விழுந்தது,
கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாள்.
எல்லோரும் வரவில்லை.
இருபத்து மூன்று கிலோ இன்னும் இடிக்கிறது.

நோட்டை வட்ட வழங்கல் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்,
விசாரணை முடியட்டுமாம்.
மகன் தினமும் கேட்கிறான்,
டீச்சர் திருத்தவேண்டிய கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறதாம்.
இருக்கிறது என்றேன்.
ஒரு பக்கம் உன் மீதிகள்,
எதிர்ப்பக்கம் விரல்கள்.